அரூர் மாலிப்டினம்: புதுத் துளை போடும் முன் பழைய துளைகளைத் திறந்து காட்டுங்கள்

பெறுநர்:
ஒன்றிய சுரங்க அமைச்சகம்
இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்
தமிழ்நாடு புவியியல் மற்றும் சுரங்கத் துறை
அரூர் தொகுதிகளை ஏலத்தில் எடுக்க முன்வரும் நிறுவனங்கள்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

2023 நவம்பர் 29 அன்று முக்கியக் கனிமங்களுக்கான முதல் சுற்று ஏலத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. அறிவிக்கப்பட்ட 20 தொகுதிகளில் 7 தமிழ்நாட்டில் இருந்தன. இரண்டு கிராஃபைட், மீதி ஐந்தும் எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் உலோகமான மாலிப்டினம். வேலம்பட்டி, நொச்சிப்பட்டி, மருதிப்பட்டி என்று அதுவரை வட்டாரத்துக்கு வெளியே யாரும் கேட்டிராத ஊர்ப் பெயர்கள் திடீரென்று டெல்லி ஆவணங்களில் ஏறின. அதே ஆண்டு சுரங்கச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி மாலிப்டினம் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. வருமானம் மாநிலத்துக்கு வருகிறது. ஆகவே இரண்டு அரசுகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மேலே சொன்ன மாலிப்டினம் தொகுதிகள் உள்ள, தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வரையிலான பட்டையில் இதுவரை போட்ட துளைகளின் கோர் (துளையிலிருந்து வெட்டியெடுத்த உருளைக் கல்), அதன் பதிவேடு, ஆய்வக எண்கள் ஆகிய மூன்றையும் முழுமையாகத் திறந்து வையுங்கள். அவற்றில் மாலிப்டினத்தோடு தாமிரத்தையும் மற்ற உலோகங்களையும் மறுபடி அளந்துவிட்டு, அதன் பிறகு ஏலத்துக்கும் புதுத் துளைக்கும் போங்கள். ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

முதலில் கல்லைப் பற்றி. அரூரைச் சுற்றியுள்ள அடித்தளப் பாறை சார்னோகைட்டும், வரிவரியான உருமாறிய பாறையான நைஸும். சென்னைக்காரர்கள் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் பார்க்கும் அதே கரும்பச்சை சார்னோகைட் குடும்பம்தான். பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, நீர் மிகக் குறைந்த நிலையில் வெந்து உருவான பாறை அது. பிற்காலத்தில் வட-வடகிழக்காக ஓடும் ஷியர் மண்டலம் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை) அதை நசுக்கி அரைத்தது. அந்த விரிசல்களில் நீர் ஏறியபோது சார்னோகைட் பின்னோக்கி மாறி, எபிடோட்–ஹார்ன்பிளெண்ட் நைஸ் ஆனது. மாலிப்டினத்தின் தாதுக் கனிமமான மாலிப்டினைட் அந்தப் பச்சை நைஸுக்குள் புகுந்த குவார்ட்ஸ் நரம்புகளில்தான் இருக்கிறது. ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதே வெள்ளைக் கல். அதன் ஓரங்களில் ஈயச்சாம்பல் நிறத்தில் செதில் செதிலாகவும், சில இடங்களில் கட்டியாகவும் மாலிப்டினைட் ஒட்டியிருக்கும். கூடவே இரும்புச் சல்பைடான பைரைட், தாமிரத் தாதுவான சால்கோபைரைட், ஈயத் தாதுவான கலீனா.

இதே வட்டாரத்தில் ஏலகிரி, சேவத்தூர், சாமல்பட்டி, பாக்கநாடு என்று கார பாறைகளும் (சோடியம், பொட்டாசியம் மிகுந்த எரிகுழம்புப் பாறைகள்) கார்பனடைட்டுகளும் (கார்பனேட் மிகுந்த எரிகுழம்புப் பாறைகள்) வரிசையாக நிற்கின்றன. மாலிப்டினம் அந்தக் கார எரிகுழம்பின் வழியில் வந்ததா, இல்லை அதற்கு வெகு முன்பே பழைய நைஸின் காலத்தில் வந்ததா என்பது வெறும் கல்லூரிக் கேள்வி அல்ல. அடுத்த துளையை எந்தப் பக்கம் போடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். மாலிப்டினைட்டுக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. அது ரீனியம் என்ற அரிய உலோகத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆஸ்மியம் என்ற இன்னோர் உலோகத்தை ஏற்பதில்லை. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஆஸ்மியம் அநேகமாக முழுதும் ரீனியம் சிதைந்து வந்ததுதான். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சுத்தமான சில செதில்களை எடுத்து ரீனியம்–ஆஸ்மியம் முறையில் வயது கண்டால், வயதும் கிடைக்கும். விலையுயர்ந்த ரீனியம் எவ்வளவு இருக்கிறது என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும். ஒரு துளைக்கு ஆகும் செலவில் இது சிறு பங்கு.

இந்த முறை நம் நாட்டில் என்ன செய்து காட்டியது என்பதற்கு மலஞ்ச்கண்ட் சாட்சி. மத்தியப் பிரதேசம் பாலாகாட் மாவட்டத்தில் உள்ள அந்தத் தாமிர–மாலிப்டினம் படிவத்தில் பழங்காலத்தார் தாமிரம் தோண்டிய தடயங்கள் இருந்தன. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1969இல் அங்கே முறையான ஆய்வைத் தொடங்கியது. 1982இல் இந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கம் வேலைக்கு வந்தது. கிரானைட்டுக்குள் வில் போல் வளைந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் குவார்ட்ஸ் உடல். அதில் சால்கோபைரைட்டும் பைரைட்டும், கொஞ்சம் மாலிப்டினைட்டும். மேலே மழையும் காற்றும் பட்ட பகுதியில் தாமிரம் கரைந்து இறங்கி மலகைட்டாகவும் சால்கோசைட்டாகவும் மறுபடி படிந்திருக்கிறது. இது பார்பிரி வகையா (எரிகுழம்புப் பாறையில் தாது அகலமாகச் சிதறிக் கிடப்பது), வெறும் குவார்ட்ஸ் நரம்பு வகையா என்ற விவாதம் வெகுகாலம் நடந்தது. 2004இல் வெளிவந்த ரீனியம்–ஆஸ்மியம் ஆய்வு அங்குள்ள மாலிப்டினைட்டின் வயது ஏறத்தாழ 249 கோடி ஆண்டு என்று காட்டியது. அதாவது தாது வந்ததும் சுற்றியுள்ள கிரானைட் உருவானதும் ஒரே காலம். வகை பற்றிய வாதம் அதோடு ஓயவில்லை. ஆனால் வயது தெரிந்தபின் வாதிக்க வேண்டியது பாதியாகக் குறைந்தது.

அரூரை மலஞ்ச்கண்ட்டின் தம்பி என்று விளம்பரப்படுத்த யாருக்காவது ஆசை வந்தால், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பார்பிரித் தாமிரம் பூமியின் மேற்பரப்பிலிருந்து சில கிலோமீட்டர் ஆழத்தில் உருவாவது. அரூரின் தாய்ப்பாறையோ அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் வெந்தது. அங்கே தாது வந்தது பாறை மேலேறி, நசுங்கி, விரிசல் விட்ட பிறகு. ஆகையால் பார்பிரிக்கு உரிய அகலமான தாது ஓடு, மையத்திலிருந்து வெளியே வளையம் வளையமாக மாறும் மாற்றக் கனிமங்கள் ஆகியவற்றை இங்கே எதிர்பார்த்து 200 மீட்டருக்கு ஒரு துளை என்று கட்டம் போட்டால் நரம்புகள் துளைகளுக்கு நடுவே தப்பிவிடும். இங்கே நரம்பைப் பின்தொடர வேண்டும்; அதன் சாய்வையும் கிளையையும் அளக்க வேண்டும்.

சாய்வு என்றதும் செங்குத்துத் துளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நரம்பு கிடைத்தளத்திலிருந்து 70 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்செங்குத்தாக இறங்கும் துளை அதை 20 பாகைக் கோணத்தில் உரசிக்கொண்டே போகும். ஒரு மீட்டர் அகல நரம்பு கோரில் 2.9 மீட்டராகத் தெரியும். பதிவேட்டில் ‘2.9 மீட்டர் தாது’ என்று ஏறி, அது அப்படியே இருப்புக் கணக்குக்குள் போனால் டன் எண்ணிக்கை மூன்று மடங்காகிவிடும். எந்த அறிக்கையானாலும் துளையின் கோணமும் திசையும் நரம்பின் உண்மை அகலமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து மாதிரி. உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

மாலிப்டினைட் நகத்தால் கீறினாலே உதிரும் கனிமம். குவார்ட்ஸோ எஃகையும் கீறும். இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தை வைரப் பிட் வெட்டும்போது குவார்ட்ஸ் நிற்கிறது. செதில் தேய்ந்து துளை நீரோடு அடித்துப் போகிறது. மூன்று மீட்டர் ரன்னில் (ஒரே மூச்சில் துளைத்துக் கோரை வெளியே எடுக்கும் நீளம்) 2.4 மீட்டர் கோர் வந்தால் ‘80 சதவீத மீட்பு, பரவாயில்லை’ என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். காணாமல் போன அந்த 60 செ.மீ. சராசரிக் கல் அல்ல. பெரும்பாலும் அது நசுங்கிய நரம்பு ஓரம், அதாவது மாலிப்டினைட் குடியிருக்கும் இடம். ஷியர் மண்டலத்துக்குள் நுழைந்ததும் ரன்னை ஒன்றரை மீட்டராகவோ அதற்கும் கீழோ குறைக்க வேண்டும். மூன்றடுக்குக் கோர்க்குழாய் பயன்படுத்த வேண்டும். திரும்பி வரும் சேற்றைப் பெட்டியில் தெளியவிட்டு, ரன் வாரியாகப் பிரித்துத் தனி மாதிரியாக அனுப்ப வேண்டும். சேற்றில் மாலிப்டினம் ஏறி, கோரில் இறங்கியிருந்தால் விடை கண்முன் வந்துவிடும்.

கோர் முழுதாக வந்தாலும் ஒரு கணக்கு பாக்கி. பிஎக்ஸ் என்ற மெல்லிய அளவுத் துளையில் கோரின் விட்டம் 42 மி.மீ. ஒரு மீட்டர் கோர் ஏறத்தாழ 3.7 கிலோ. நெடுக அறுத்துப் பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் 1.9 கிலோகூட இருக்காது. தரம் 0.06 சதவீத மாலிப்டினம் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பாதியில் இருக்க வேண்டிய உலோகம் 1.1 கிராம், கனிமமாகச் சொன்னால் 1.9 கிராம். மாலிப்டினைட்டின் ஒப்படர்த்தி 4.7 என்பதால் அது பிடிக்கும் இடம் 0.4 கன செ.மீ., ஒரு கொண்டைக்கடலை அளவு. ஒரு மீட்டர் நீளத்துக்குத் தரம் 0.06 ஆ, பூஜ்யமா, 0.12 ஆ என்பதை அந்த ஒற்றைக் கட்டி ரம்பத்தின் எந்தப் பக்கம் விழுந்தது என்பதே முடிவு செய்துவிடும். எச்க்யூ என்ற பெரிய அளவில் கோரின் விட்டம் 63.5 மி.மீ.; பாதிக் கோர் 4.3 கிலோ. அதே தற்செயல் அங்கேயும் உண்டு, ஆனால் குறைவு. செலவு கூடினாலும் அரூரில் நரம்புப் பகுதியை எச்க்யூவில்தான் வெட்ட வேண்டும். பழைய மெல்லிய கோருக்கு ஒரே வழி, மீதமிருக்கும் பாதியையும் அனுப்பி இரண்டு எண்களையும் ஒப்பிடுவது. அதற்கு அந்த மீதிப் பாதி எங்கே இருக்கிறது, பெட்டியில் ஆழக்குறி அழியாமல் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். மரப்பெட்டியைக் கரையான் அரித்துக் கோர் கலந்துவிட்டால், அந்தத் துளைக்குச் செலவழித்த மக்கள் பணம் போனதுதான்; எந்த அறிக்கையாலும் அதை மீட்க முடியாது.

ஆய்வகத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மாலிப்டினைட் செதில் அரவைக் கிண்ணத்தில் பூச்சுப்போல ஒட்டிக்கொள்ளும். அடுத்த மாதிரி வெற்றுக் கல்லாக இருந்தாலும் அதில் மாலிப்டினம் ஏறிவிடும். ஒவ்வொரு நரம்பு மாதிரிக்கும் பிறகு சுத்தமான குவார்ட்ஸை அரைத்துக் கழிக்க வேண்டும். 20 மாதிரிக்கு ஒன்று வீதம் தரம் முன்பே தெரிந்த சான்றளிக்கப்பட்ட தர மாதிரி, தாது இல்லாத வெற்று மாதிரி ஒன்று, அதே கல்லை மறுபடி அளக்கும் இரட்டை மாதிரி ஒன்று போட வேண்டும். எக்ஸ்-கதிரால் உலோகத்தை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியைக் கோர் மீது வைத்துக் கிடைக்கும் எண் அந்த ஒரு சிறு புள்ளிக்கு மட்டுமே உரியது. செதில் மீது வைத்தால் வானளவு ஏறும், இரண்டு விரல்கடை தள்ளி வைத்தால் ஒன்றுமே இருக்காது. நரம்பு எங்கே என்று தேட அது நல்ல கருவி. தரம் எழுத அதைப் பயன்படுத்தினால் தவறு. களத்தில் கிராஃபைட்டை மாலிப்டினைட் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. இரண்டும் கறுத்துப் பளபளக்கும், இரண்டும் விரலில் மை ஒட்டும். வழவழப்பான வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் மாலிப்டினைட் பச்சை சாயலோடு கோடு போடும், கிராஃபைட் வெறும் சாம்பலாக. கையில் தூக்கினாலும் தெரியும்: ஒன்று மற்றதைவிட இரு மடங்கு கனம்.

எண்களை எழுதும் முறையிலும் குழப்பம் உண்டு. சில அறிக்கைகள் உலோகத்தைச் சொல்கின்றன, சில மாலிப்டினைட்டை, சில பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் தருகின்றன. மாலிப்டினைட்டில் உலோகம் 60 சதவீதம். எனவே 0.1 சதவீத மாலிப்டினைட் என்பது 0.06 சதவீத மாலிப்டினம், அதாவது 600 பிபிஎம். இதைக் கவனிக்காமல் இரண்டு அறிக்கைகளை ஒரே அட்டவணையில் சேர்த்தால் தரம் 40 சதவீதம் தவறும். அரூர் போன்ற குறைந்த தரப் படிவத்தில் அந்தத் தவறே லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவிலுள்ள தூரம்.

2023 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தை மனமார வரவேற்கிறோம். பெரிய வேலை அது. ஆனால் சுருக்க அறிக்கையும் வரைபடமும் மட்டும் ஏலம் கேட்பவருக்குப் போதாது. ரன் வாரியான மீட்பு, ஈரக் கோரின் படங்கள், கல்தூளைக் கரைக்க ஆய்வகம் பயன்படுத்திய அமிலம், தர மாதிரிகளின் விடைகள், பாதிக் கோர் வைத்திருக்கும் இடம், இத்தனையும் தொகுதிப் பெயரோடு சேர்த்து ஏற்ற வேண்டும். ஏலத்தில் கேட்பவர் தாதுவின் மதிப்பில் இவ்வளவு சதவீதம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். தரம் தெரியாமல் சதவீதம் சொல்ல முடியாதவர் விலகிவிடுவார். துணிந்து சொல்பவர் பின்னால் நிலத்தைப் பூட்டி வைத்துவிடுவார். முதல் சுற்றில் பல தொகுதிகளுக்குப் போதிய ஏலதாரர் வராமல் ஏலம் ரத்தானதை எல்லோரும் பார்த்தோம்.

தாமிரத்தை ஏன் அளக்கச் சொல்கிறோம்? உலகில் கிடைக்கும் மாலிப்டினத்தில் பெரும்பங்கு தாமிரச் சுரங்கங்களின் துணை விளைபொருள். சிலியிலும் பெருவிலும் 0.02 சதவீதம் இருந்தாலே பிரித்தெடுக்கிறார்கள். தோண்டுவது, உடைப்பது, அரைப்பது ஆகிய செலவு முழுவதையும் தாமிரம் ஏற்றுக்கொள்வதால்தான் அது கட்டுப்படியாகிறது. அரூரில் தனியாக நிற்கும் மாலிப்டினம் அந்தச் செலவைத் தானே சுமக்க வேண்டும். சால்கோபைரைட்டும் கலீனாவும் எவ்வளவு பங்கிட்டுக்கொள்ளும் என்று தெரியாமல் ‘லாபம் உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்வது இரண்டுமே அவசரம். பழைய மாதிரித்தூள் கையிருப்பில் இருந்தால் புதிதாக ஒரு துளையும் போடாமல் அதிலேயே தாமிரம், ஈயம், வெள்ளி, ரீனியம் அனைத்தையும் அளந்துவிடலாம்.

இதே கணக்கின் மறுபக்கம் மலஞ்ச்கண்ட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் தாது அரைபடும் ஓர் ஆலையில், தாதுவில் மாலிப்டினம் 0.01 சதவீதமே என்று எடுத்துக்கொண்டாலும் 200 டன் உலோகம் ஓடுகிறது. பாதி கிடைத்தாலும் 100 டன். பிரிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் நுரை மிதப்பு முறையில் தாமிரமும் மாலிப்டினைட்டும் சேர்ந்து மேலே வரும். பிறகு சோடியம் ஹைட்ரோசல்பைடு போட்டுத் தாமிரக் கனிமத்தை அமிழ்த்தி, இயல்பிலேயே நீர் ஒட்டாத மாலிப்டினைட்டை மட்டும் மிதக்கவிட வேண்டும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் ஊதினால் மருந்துச் செலவு குறையும். காரத்தன்மை இறங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும்; அது ஆளைக் கொல்லும். அதனால் பிஎச் அளவியும் வாயு அளவியும் இல்லாமல் அந்தப் பகுதியை இயக்கவே கூடாது. அங்குள்ள ஆலையின் உள்ளே போகும் தாது, அடர் தாது, கழிவுச் சேறு ஆகிய மூன்றிலும் மாலிப்டினம் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள் என்று அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அரூரில் புதுக் குழி தோண்டலாமா என்று யோசிப்பவர்கள், ஏற்கெனவே தோண்டி அரைத்த கல்லில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கடைசியாக, தண்ணீரும் மாடும்.

தருமபுரி மாவட்டத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு என்ன செய்தது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதனால் வந்தது. மாலிப்டினமும் ஒரு வகையில் அதைப் போன்றதே. மற்ற உலோகங்களில் பலவும் காரத் தண்ணீரில் மண்ணோடு ஒட்டி நிற்கும். மாலிப்டினம் மாலிப்டேட்டாகக் கரைந்து ஓடும். சுக்கான்கல் நிறைந்த நிலத்தில் அது இன்னும் எளிது. ஆய்வாளருக்கு இதனால் ஒரு தொல்லை: மண்ணில் மாலிப்டினம் ஏறிய இடம் நரம்புக்கு நேர் மேலே இல்லாமல் சரிவில் கீழே தள்ளியிருக்கும். மக்களுக்கு இதனால் வருவது வேறு கவலை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மாலிப்டினத்துக்கு லிட்டருக்கு 0.07 மி.கி. வரம்பு வைத்திருக்கிறது. மாட்டுக்கு வரம்பு தீவனத்தில். தீவனத்தில் தாமிரம் மாலிப்டினத்தைவிட இரண்டு மடங்குக்குக் கீழே போனால், மாட்டின் வயிற்றில் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து தாமிரத்தைக் கட்டிப்போட்டுவிடும். கழிச்சல், உடல் மெலிவு, மயிர் நிறம் வெளுத்தல், சினை பிடிக்காமை என்று அது வெளிப்படும். தண்ணீரோ தீவனமோ கெட்டது என்று யாருக்கும் தோன்றாது. மாட்டுக்குச் சூடு, வயிற்றுப்புழு என்றே வைத்தியம் நடக்கும்.

எனவே முதல் ரிக் (துளையிடும் இயந்திரம்) இறங்கும் முன்பே, தொகுதிக்குள்ளும் சரிவில் அதற்குக் கீழேயும் உள்ள கிணறுகளையும் ஆழ்துளைகளையும் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை சோதியுங்கள். சோளத்தட்டு, புல், நெல் வைக்கோல் மூன்றிலும் தாமிரமும் மாலிப்டினமும் எவ்வளவு என்று அளந்து எழுதி வையுங்கள். இயற்கையாகவே அங்கே எவ்வளவு இருந்தது என்பதற்கு அது ஒன்றே ஆதாரம். பத்தாண்டு கழித்து ஒரு பால்காரர் புகார் கொடுக்கும்போது, அந்த எண் இல்லையென்றால் அவருக்கும் நியாயம் கிடைக்காது, நிறுவனத்துக்கும் கிடைக்காது. துளை முடிந்ததும் அதைச் சிமென்ட் கலவை இட்டு அடியிலிருந்து மேல்வரை அடைக்க வேண்டும் என்பதை உரிம நிபந்தனையில் எழுதுங்கள். திறந்து கிடக்கும் துளை, ஆழத்து சல்பைடு நரம்பையும் மேலே இருக்கும் கிணற்று நீரையும் இணைத்துவிடும். சோதனை முடிவுகள் ஊராட்சி அலுவலகத்தில், தமிழில், கிணற்று உரிமையாளர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒட்டப்பட வேண்டும்.

அரூர் தொகுதிகள் மறுபடி ஏலத்துக்கு வரும் முன் இந்தப் பட்டையின் கோர் இருப்புப் பட்டியலை வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். பட்டியல் வந்ததும், எந்தத் துளையின் எந்த ஆழத்தை முதலில் மறு அளவீடு செய்ய வேண்டும் என்று எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கனிம ஆய்விலும் தாது அடர்ப்பிலும் பணிபுரியும் புவியியலாளர்கள், பொறியாளர்கள்